பினாங்குல உங்க வீடு எந்த மாவட்டம், அந்த மாவட்டத்துல எத்தன பேர்: கண்டுபிடிக்க முழுமையான வழிகாட்டி

மலேசியாவுல பினாங்கு மாநிலத்து நம்மாளுங்ககிட்ட "நீங்க எந்த மாவட்டம்"னு கேட்டுப் பாருங்க, பாதி பேரு பட்டர்வொர்த்னு சொல்வாங்க, மீதி பேரு புக்கிட் மெர்தாஜாம், நிபோங் திபால், ஜெலுத்தோங்னு சொல்வாங்க. இதெல்லாம் டவுன் பேரு, இடத்து பேரு, மாவட்டம் கிடையாது. பேசிக்கறதுக்கு இது போதும், ஆனா கோயில் நிலத்துக்கு மனு எழுதறப்ப, தமிழ்ப்பள்ளிக்கு கூடுதல் கட்டடம் கேக்கறப்ப, சங்கத்து ஆண்டு மலர்ல "எங்க பகுதியில இத்தன ஆயிரம் இந்தியர்கள்"னு போடறப்ப, இந்த குழப்பம் பெரிய தொல்லையா வந்து நிக்கும். தப்பான ஆபீஸுக்கு போன கடிதம் மாசக்கணக்கா தூங்கும், தப்பான நம்பர் போட்ட மனுவ ஒரு அதிகாரி ஒரே பார்வையில ஓரமா வச்சிடுவாரு. இதுல நம்ம சமூகம் எவ்வளவோ நேரத்த இழந்திருக்கு, அதனாலதான் இத நிதானமா, ஒன்னொன்னா எழுதறேன்.

ஒன்ன மட்டும் மனசுல வச்சுக்கிட்டு படிங்க. மக்கள் தொகைன்னு ஒரு நம்பர் சொன்னா, அது எந்த எல்லைக்குள்ள எண்ணினது, எந்த வருஷம் எண்ணினது, இந்த ரெண்டும் கூடவே இருக்கணும், இல்லாட்டி அந்த நம்பருக்கு அர்த்தமே இல்ல.

முதல் படி: அஞ்சு மாவட்டத்தையும் மனசுல வரைஞ்சுக்கோங்க

பினாங்கு மாநிலம் மொத்தமே சுமார் 1,049 சதுர கிலோமீட்டர்தான், நாட்டுல பெர்லிஸுக்கு அடுத்த சின்ன மாநிலம். அதுக்குள்ள அஞ்சு மாவட்டம், தீவுல ரெண்டு, பெருநிலத்துல மூணு.

தீவுல கிழக்கு பக்கமும் வடக்கு பக்கமும் சேர்ந்தது தீமோர் லாவுட், நம்ம பத்திரிகையில வடகிழக்கு மாவட்டம்னு போடுவாங்க. ஜார்ஜ்டவுன், ஜெலுத்தோங், ஆயர் ஈத்தாம், பாயா தெருபோங், கெலுகோர், தஞ்சோங் பூங்கா, பத்து ஃபெரிங்கி எல்லாம் இதுல வருது. லிட்டில் இந்தியா, 1833ல எழும்பின குவீன் ஸ்திரீட் மகாமாரியம்மன் கோயில், தைப்பூசத்துக்கு ஊரே திரண்டு போற தண்ணீர்மலை, கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், எல்லாமே இந்த ஒரே மாவட்டம்தான்.

தீவோட மிச்ச பாதி பாராட் டாயா, அதாவது தென்மேற்கு. பாயான் லெப்பாஸ், பாயான் பாரு, சுங்கை ஆரா, ரெலாவ், பத்து மாவுங், தெலுக் கும்பார், பாலேக் பூலாவ், தெலுக் பாஹாங் இதுல. மாவட்ட ஆபீஸ் இருக்கறது பாலேக் பூலாவ்ல, டுரியான் தோட்டத்து பக்கம். பாயான் பாருல அடுக்குமாடியில குடியிருக்கறவங்க பல பேருக்கு தங்களோட மாவட்ட ஆபீஸ் மலைக்கு அந்த பக்கம் இருக்குன்னே தெரியாது, ஜார்ஜ்டவுனுக்கு போய் வரிசையில நின்னுட்டு திரும்பி வருவாங்க.

பெருநிலத்துக்கு வந்தா செபராங் பிறை. வடக்கு, மத்தி, தெற்குன்னு மூணா பிரிச்சிருக்காங்க, மலாய்ல உத்தாரா, தெங்கா, செலாத்தான்.

உத்தாராவுல கெப்பாலா பத்தாஸ், பெனாகா, தாசேக் குளுகோர், கூடவே பட்டர்வொர்த் டவுனும் இதுக்குள்ளதான். மாவட்ட ஆபீஸ் கெப்பாலா பத்தாஸ்ல. வடக்க மூடா ஆத்த தாண்டினா கெடா.

தெங்காவுல புக்கிட் மெர்தாஜாம், பிறை, செபராங் ஜெயா, பெர்மாத்தாங் பாவ், ஜூரு, புக்கிட் மிஞ்ஞாக். மாவட்ட ஆபீஸ் புக்கிட் மெர்தாஜாம்ல. பட்டர்வொர்த்தும் பிறையும் பக்கத்து பக்கத்துல இருக்கறதால ஒரே மாவட்டம்னு நெனைக்கிறவங்க நெறைய பேரு, ஆனா நடுவுல பிறை ஆறு ஓடுது, அக்கரை உத்தாரா, இக்கரை தெங்கா. ரயில்வே ஸ்டேஷன், ஃபெரி இருக்கற பக்கத்துல குடியிருக்கறவங்களும் பிறை தொழிற்பேட்டை பக்கம் இருக்கறவங்களும் போக வேண்டிய மாவட்ட ஆபீஸ் வேற வேற.

செலாத்தான்ல நிபோங் திபால், சுங்கை பாக்காப், ஜாவி, சிம்பாங் அம்பாட், வால்டோர், பத்து கவான். மாவட்ட ஆபீஸ் சுங்கை ஜாவியில. தெற்க கெரியான் ஆத்துக்கு அந்த பக்கம் பேராக், பாரிட் புந்தார்.

இந்த அஞ்சையும் ஒரு பேப்பர்ல கையால வரைஞ்சு பாருங்க, பள்ளிக்கூட பிள்ளைங்க இருந்தா அவங்கள விட்டு வரைய சொல்லுங்க, அதுக்கப்பறம் மறக்கவே மறக்காது.

ரெண்டாவது படி: மூணு விதமான கோட்டையும் கலக்காதீங்க

இதுதான் எல்லாத்தவிட முக்கியம், அதனால கொஞ்சம் நீட்டி சொல்றேன். நீங்க குடியிருக்கற ஒரே வீட்டு மேல மூணு வேற வேற கோடு ஓடுது.

ஒன்னு மாவட்டம், அதாவது டேரா. இது மாநில நிர்வாகத்தோட கோடு. டி.ஓ. ஆபீஸ் (மாவட்ட அதிகாரி ஆபீஸ்), நில ஆபீஸ், ரெண்டும் சேர்ந்து ஒரே கூரையில இருக்கும். நிலம் சம்பந்தப்பட்ட எதுவா இருந்தாலும், கிராண்ட் (நிலப் பட்டா), நில வரி, நில மாற்றம், கோயிலுக்கோ சுடுகாட்டுக்கோ அரசாங்க நிலம் கேக்கறது, இங்கதான் ஆரம்பம். போலீஸ் மாவட்டம், மாவட்ட கல்வி இலாகா, மாவட்ட சுகாதார ஆபீஸ் கூட பினாங்குல இதே அஞ்சு பேர்ல இயங்குது, அதனால தமிழ்ப்பள்ளி விஷயமா மாவட்ட கல்வி இலாகாவுக்கு எழுதணும்னாலும் பள்ளி எந்த மாவட்டம்னு தெரிஞ்சிருக்கணும்.

ரெண்டாவது கோடு நகராண்மை. பினாங்குல ரெண்டே ரெண்டு மாநகர் மன்றம்தான். தீவு முழுக்க எம்பிபிபி, பெருநிலம் முழுக்க எம்பிஎஸ்பி. தீவுக்கு 2015லயும் செபராங் பிறைக்கு 2019 செப்டம்பர் 16லயும் மாநகர் அந்தஸ்து கெடச்சது. ஜார்ஜ்டவுன் மட்டும் 1957 ஜனவரி 1லயே சிட்டி ஆயிடுச்சு, அது வேற கதை. குப்பை, டிரெயின், கடை லைசென்ஸ், வீட்ட நீட்டிக் கட்ட அனுமதி, கோயில் கட்டடத்துக்கு பிளான் அப்ரூவல், வருஷத்துக்கு ரெண்டு தடவ கட்டற சுக்காய் பிந்து, அதான் வீட்டு வரி, எல்லாம் இங்க. எம்பிஎஸ்பி தலைமை ஆபீஸ் புக்கிட் மெர்தாஜாம் பண்டார் பெர்டாவுல இருக்கு, அதுக்காக புக்கிட் மெர்தாஜாம்காரங்களுக்கு மட்டும்னு இல்ல, பெனாகாவுல இருந்து நிபோங் திபால் வரைக்கும் மூணு மாவட்டத்துக்கும் அதே ஆபீஸ்தான்.

மூணாவது கோடு தேர்தல் தொகுதி. பினாங்குல நாடாளுமன்ற தொகுதி 13, பி041 கெப்பாலா பத்தாஸ்ல தொடங்கி பி053 பாலேக் பூலாவ் வரைக்கும். சட்டமன்ற தொகுதி 40, என்01 பெனாகாவுல தொடங்கி என்40 தெலுக் பாஹாங் வரைக்கும். இந்த கோடு மாவட்டக் கோட்ட பாத்து போடறது கிடையாது. பத்து கவான் நாடாளுமன்ற தொகுதிய எடுத்துக்கோங்க, அதுல பிறை, புக்கிட் தெங்கா, புக்கிட் தம்பூன்னு மூணு சட்டமன்ற தொகுதி. பிறை இருக்கறது தெங்கா மாவட்டத்துல, பத்து கவான் தீவும் பண்டார் காசியாவும் இருக்கறது செலாத்தான் மாவட்டத்துல. அதாவது ஒரே எம்பி, ரெண்டு மாவட்டம். "எங்க எம்பி தொகுதியில இத்தன பேர்"னு ஒரு நம்பர எடுத்து "எங்க மாவட்டத்துல இத்தன பேர்"னு எழுதினா மொத்த கணக்கும் தப்பாயிடும்.

நாலாவதா ஒன்னு ஆள ஏமாத்தும், அது போஸ்கோட். போஸ்கோட் தபால்காரங்களுக்கு போட்டது, நிர்வாகத்துக்கு இல்ல. புக்கிட் மிஞ்ஞாக் தொழிற்பேட்டை விலாசத்துல 14100 சிம்பாங் அம்பாட்னு வரும், சிம்பாங் அம்பாட் செலாத்தான்ல இருக்கு, ஆனா அந்த தொழிற்பேட்டை நிலம் தெங்கா மாவட்டத்து நிலம். விலாசத்த பாத்து மாவட்டத்த யூகிக்காதீங்க, தயவு செஞ்சு.

மூணாவது படி: உங்க வீட்ட உறுதி பண்ணுங்க

இதுக்கு பெரிய ஆராய்ச்சி வேணாம், வீட்டு அலமாரியில இருக்கற பேப்பரே போதும்.

நில வரி பில், அதான் சுக்காய் தானா பில்ல எடுங்க, அது இல்லாட்டி கிராண்ட் காப்பி. அதுல டேரா, முக்கிம் இல்ல பண்டார், லாட் நம்பர் மூணும் இருக்கும். டேரான்னு எழுதியிருக்கற இடத்துல என்ன இருக்கோ அதுதான் உங்க மாவட்டம், அதுக்கு மேல யாரையும் கேக்க வேண்டியதில்ல. அடுக்குமாடின்னா உங்க பேர்ல தனி நில வரி பில் வராம இருக்கலாம், அப்ப ஸ்ட்ராத்தா கிராண்ட் (அடுக்குமாடி வீட்டுக்கான பட்டா) பாருங்க, இல்ல மேனேஜ்மென்ட் ஆபீஸ்ல கேளுங்க.

வாடகை வீடுன்னா வீட்டுக்காரருகிட்ட நில வரி பில்லோட போட்டோ ஒன்னு கேட்டு வாங்குங்க. அதுவும் முடியாதுன்னா பக்கத்து தமிழ்ப்பள்ளி, பக்கத்து போலீஸ் நிலையம் எந்த மாவட்டத்துக்கு கீழ வருதுன்னு பாக்கலாம், ஆனா இது யூகம்தான், எல்லை ஓரத்துல இருக்கற தாமான்ல (குடியிருப்புப் பகுதியில) இது கைவிட்டுடும்.

இங்க முக்கிம் பத்தி கட்டாயம் சொல்லணும். மாவட்டத்துக்கு கீழ உள்ள பிரிவு முக்கிம், பினாங்குல பெரும்பாலும் நம்பர்லதான் இருக்கும், முக்கிம் 12, முக்கிம் 13 இப்படி. சிக்கல் என்னன்னா செபராங் பிறையில மூணு மாவட்டமும் தனித்தனியா ஒன்னுல இருந்து எண்ண ஆரம்பிக்குது. அதனால முக்கிம் 13னு மட்டும் எழுதினா, அது தீவுல பாயா தெருபோங் பக்கம் இருக்கற தீமோர் லாவுட் முக்கிம் 13ஆ, தெங்கா முக்கிம் 13ஆ, பத்து கவான் இருக்கற செலாத்தான் முக்கிம் 13ஆ, யாருக்கும் தெரியாது. கோயில் நில கடிதத்துல "லாட் இன்னது, முக்கிம் 13"னு முடிச்சிட்டு மாவட்டத்த விட்டுட்டா அந்த லாட்ட தேடவே முடியாது. முக்கிம் நம்பர் எழுதற எல்லா இடத்துலயும் மாவட்டத்து பேரையும் சேர்த்து எழுதுங்க. ஜார்ஜ்டவுன் நகருக்குள்ள மட்டும் முக்கிமுக்கு பதிலா பண்டார் ஜார்ஜ்டவுன், செக்ஷன் இன்னதுன்னு வரும்.

ஐசியில (அடையாள அட்டையில) இருக்கற விலாசத்தையும் இப்பவே பாத்துக்கோங்க. 2021 டிசம்பர்ல இருந்து 18 வயசானா தானா வாக்காளர் ஆயிடறோம், அப்படி பதியறப்ப நீங்க எந்த தொகுதியில ஓட்டு போடணும்ங்கறத ஐசி விலாசம்தான் முடிவு பண்ணுது. வீடு மாறி ஐசி மாத்தாதவங்களுக்கு இருக்கறது ஒரு மாவட்டம், ஓட்டு இன்னொரு மாவட்டத்துல. நம்மாளுங்கள்ல தோட்டத்த விட்டு தாமானுக்கு வந்தவங்க பல பேரு இன்னும் இந்த நிலையிலதான் இருக்காங்க, முதல்ல ஜேபிஎன் (தேசிய பதிவு இலாகா) போய் ஐசிய மாத்துங்க, அப்பறம் தேர்தல் ஆணையத்துலயும் விலாச மாற்றத்துக்கு விண்ணப்பிங்க.

நாலாவது படி: ஆளுங்க எத்தன பேர்னு பாக்கறது

மலேசியாவுல பெரிய கணக்கெடுப்பு பத்து வருஷத்துக்கு ஒரு தடவ, 1970, 1980, 1991, 2000, 2010, 2020. கடைசி சென்சஸ் 2020 ஜூலை 7 கணக்குப்படி, ஆனா கோவிட் நேரமா போனதால வீடு வீடா எண்ணற வேலை 2021லதான் நடந்துச்சு.

அந்த 2020 சென்சஸ்படி பினாங்கு மொத்தம் 1,740,405 பேர், பதினேழு லட்சத்து நாப்பதாயிரத்து சொச்சம். தீவுல 794,313, செபராங் பிறையில 946,092. தீவுன்னாதான் பினாங்குன்னு வெளியூர்க்காரங்க நெனைச்சுக்கறாங்க, உண்மையில மாநிலத்து ஜனத்துல 54 சதவீதம் பெருநிலத்துலதான் இருக்கு. பெருநிலத்துக்காரங்க "எங்கள எப்பவும் ரெண்டாவதாதான் பாக்கறாங்க"னு சொல்ற குறைக்கு பின்னாடி இந்த நம்பர் இருக்கு, அத சும்மா ஆதங்கம்னு தள்ளிட முடியாது.

மாவட்டமா பிரிச்சா தீமோர் லாவுட் 556,557. மாநிலத்துல மூணுல ஒரு பங்கு ஜனம் கிட்டத்தட்ட, சுமார் 120 சதுர கிலோமீட்டர்ல. ஒரு சதுர கிலோமீட்டருக்கு 4,500 பேருக்கு மேல, அதுலயும் மலையும் காடும் கழிச்சுப் பாத்தா நெருக்கம் இன்னும் கூடும். பாராட் டாயா 237,756, நிலமோ தீமோர் லாவுட்ட விட பெருசு. செபராங் பிறையில தெங்காதான் பெருசு, நாலு லட்சத்த தாண்டுது, உத்தாரா மூணு லட்சத்துக்கு மேல, செலாத்தான் சுமார் ரெண்டு லட்சம், அஞ்சுலயும் சின்னது.

மாநில சராசரி ஒரு சதுர கிலோமீட்டருக்கு 1,659 பேர். கூட்டரசு பிரதேசங்கள விட்டுட்டு மாநிலங்கள மட்டும் பாத்தா பினாங்குதான் முதல் இடம். கேஎல்ல (கோலாலம்பூர்ல) 243 சதுர கிலோமீட்டர்ல 1,982,112 பேர், அது 8,000த்த தாண்டிடும். கேஎல் சொந்தக்காரங்ககிட்ட இந்த மாவட்டக் கணக்க சொல்லி ஒப்பிடறப்ப ஒன்ன கவனிங்க, கேஎல்ல டேராங்கற அடுக்கே கிடையாது, டிபிகேஎல்னு ஒரே மாநகர் மன்ற நிர்வாகம், முக்கிமும் தொகுதியும்தான் இருக்கு. பெர்லிஸும் அப்படித்தான், மாவட்டமே இல்லாத மாநிலம்.

இந்த நம்பர நீங்களே எடுக்க ரெண்டு வழி இருக்கு. புள்ளிவிவரத் துறையோட காவாசான்கு பக்கத்துக்கு போனா, மாநிலம், மாவட்டம், நாடாளுமன்றம், சட்டமன்றம்னு நாலு அடுக்குலயும் தேர்ந்தெடுத்து பாக்கலாம், போன்லயே திறக்கும். மேல எந்த அடுக்கு தேர்ந்தெடுத்திருக்கோம்னு ஒரு தடவ பாத்துட்டு அப்பறம் நம்பர எழுதுங்க, ஏன்னா பாலேக் பூலாவ், நிபோங் திபால் மாதிரி பேரு தொகுதியாவும் இருக்கும் ஊராவும் இருக்கும். ரெண்டாவது வழி ஓப்பன்டோஸ்ம், அதே துறையோட இன்னொரு இணையதளம். அங்க மாவட்ட வாரியா, வயசு, ஆண் பெண், இனம் எல்லாம் பிரிச்ச அட்டவணைய இறக்கிக்கலாம், எக்செல்ல திறக்கறப்ப நம்பர் ஆயிரத்துல இருக்கும்னு ஞாபகம் வச்சுக்கோங்க, 237.8னு இருந்தா அது இருநூத்து முப்பத்தேழு பேர் இல்ல, ரெண்டு லட்சத்து முப்பத்தேழாயிரத்து சொச்சம்.

அதோட அங்க வருஷா வருஷம் வர்ற நம்பர் மதிப்பீடு, ஆள எண்ணினது இல்ல. பிறப்பு, இறப்பு, இடம் மாறினது எல்லாம் வச்சு போடற கணக்கு. சென்சஸ் நம்பரும் மதிப்பீட்டு நம்பரும் ஒன்னுக்கொன்னு கொஞ்சம் விலகி இருக்கும், ரெண்டையும் ஒரே வாக்கியத்துல போட்டு கழிக்கக் கூடாது. மனுவுல "2020 சென்சஸ்படி"ன்னு போடறதுதான் பாதுகாப்பு.

அஞ்சாவது படி: பழைய வருஷத்தோட ஒப்பிடறது

வளர்ச்சி எவ்வளவுன்னு காட்டினாதான் கூடுதல் வகுப்பறை, கூடுதல் கிளினிக் கேக்க முடியும், அதனால இது தேவை. 2000ல பினாங்கு 1,313,449. 2010ல 1,561,383. 2020ல 1,740,405. பத்து வருஷத்துல 179,022 பேர் கூடியிருக்காங்க, 11.5 சதவீதம், வருஷத்துக்கு ஏறக்குறைய 1.1.

இங்க ஒரு குழி இருக்கு, நல்லா படிச்சவங்களே விழறாங்க. 2010க்கு பழைய புத்தகத்துல 1,526,324னு இன்னொரு மொத்தமும் கெடைக்கும். முக்கிம் வாரியா, நகராண்மை வாரியா வெளியிட்ட அட்டவணைங்கள கூட்டினா இதுதான் வரும், எண்ணாம விட்டுப்போனவங்களுக்கான திருத்தம் அதுல சேக்கல. திருத்தம் சேத்தா 1,561,383. ரெண்டுமே அரசாங்க நம்பர்தான், ரெண்டுமே பொய் இல்ல. ஆனா திருத்தாத 2010 நம்பர எடுத்து 2020 கூட கழிச்சா வளர்ச்சி 14 சதவீதம்னு வரும், அது உண்மைய விட ஜாஸ்தி. தீவுக்கு 2010ல 708,127னு பாத்தீங்கன்னா அது அந்த திருத்தாத வரிசைய சேர்ந்தது. மாவட்ட அளவுல பழைய நம்பர் எடுக்கறப்ப அஞ்சு மாவட்டத்தையும் கூட்டிப் பாருங்க, மொத்தம் எதுல முடியுதோ அத வச்சு எந்த வரிசைன்னு தெரிஞ்சிடும். கால்குலேட்டர்ல ரெண்டு நிமிஷ வேலை.

நம்பர் எங்க கூடுச்சு, ஏன் கூடுச்சுங்கறதும் சேர்ந்தா கதை புரியும். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை 1972ல ஆரம்பிச்சதுக்கு அப்பறம் தீவோட தெற்கு பக்கம் வயல் எல்லாம் வீடாச்சு. 1985ல முதல் பாலம் திறந்ததும் தீவுல வேலை, பெருநிலத்துல வீடுங்கற வாழ்க்கை லேசாச்சு, தெங்கா மாவட்டம் வீங்கினது அதுக்கப்பறம்தான். ஜார்ஜ்டவுன் பழைய டவுன்ல வாடகைக் கட்டுப்பாட்டு சட்டம் 1999 கடைசியோட முடிஞ்சது, தலைமுறை தலைமுறையா மலிவு வாடகையில கடைவீட்டு மாடியில இருந்த குடும்பங்க, நம்மாளுங்களும் சீனவங்களும், வெளிய போக வேண்டியதாச்சு. 2008ல யுனெஸ்கோ பாரம்பரிய நகரம் ஆச்சு, ஹோட்டலும் கஃபேயும் வந்துச்சு, குடியிருந்தவங்க திரும்பல. லிட்டில் இந்தியாவுல பகல்ல இவ்வளவு கூட்டம் இருக்கே, அங்கயே தங்கறவங்க எத்தன பேருன்னு யோசிச்சுப் பாருங்க. சென்சஸ் எண்ணறது ஆளு வழக்கமா தங்கி இருக்கற இடத்த, கடை வச்சிருக்கற இடத்த இல்ல.

2014 மார்ச் 1ல பத்து கவான்ல இருந்து பத்து மாவுங்குக்கு 24 கிலோமீட்டர் ரெண்டாவது பாலம் வந்துச்சு. அதுக்கு முன்னாடி பத்து கவான் செம்பனைத் தோட்டம், இப்ப தொழிற்சாலை, ஐக்கியா, ஸ்டேடியம் பக்கம் முழுக்க புது வீடு. 2020 நம்பர்ல செலாத்தான் சின்ன மாவட்டமா தெரியும், ஆனா அங்க இருக்கற தமிழ்ப்பள்ளி பெற்றோர் சங்கம் எல்லாம் இனி வரப்போற குடும்பங்கள மனசுல வச்சுதான் திட்டம் போடணும்.

ஆறாவது படி: நம்ம கணக்க சரியா எடுக்கறது

இதுலதான் நெறைய பேரு மனசும் இருக்கு, தப்பும் இருக்கு.

பினாங்கு குடிமக்கள்ல இந்தியர்கள் பத்து சதவீதத்துக்கு கொஞ்சம் கீழ, பூமிபுத்ராவும் (மலாய்க்காரங்களும் மத்த பூர்வகுடிகளும்) சீனர்களும் கிட்டத்தட்ட சமமா மிச்சத்த பங்கு போட்டிருக்காங்க. கவனிங்க, குடிமக்கள்ல. இன சதவீதத்த புள்ளிவிவரத் துறை குடிமக்கள வச்சுத்தான் போடுது. ஆனா 1,740,405ங்கற மொத்தத்துல வெளிநாட்டுக்காரங்களும் இருக்காங்க, தொழிற்சாலை ஹாஸ்டல்ல இருக்கற நேப்பாளி, வங்காளதேசத் தொழிலாளிங்க எல்லாம் சேர்ந்து. மொத்தத்த எடுத்து நேரா இந்தியர் சதவீதத்தால பெருக்கினா நம்ம எண்ணிக்கை கூடுதலா வந்துடும். முதல்ல குடிமக்கள் எத்தன பேர்னு எடுங்க, அப்பறம் பெருக்குங்க, இல்ல அட்டவணையிலயே இந்தியர்னு தனி வரி இருக்கும், அத நேரா எடுத்துடுங்க.

மாநில சதவீதத்த மாவட்டத்துக்கு போட்டு பாக்கறதும் கூடாது. நம்மாளுங்க அஞ்சு மாவட்டத்துலயும் சமமா பரவி இல்ல. 1840கள்ல கரும்புத் தோட்டத்துக்கு கொண்டு வந்து இறக்கினதுல இருந்து செபராங் பிறை தெற்கும் மத்தியும் நம்ம ஊரு. கலிடோனியா, பைராம், பத்து கவான், வால்டோர், சங்காட், வடக்க மலாக்கோஃப், எல்லாம் தோட்டத்து பேரு. கரும்பு போய் ரப்பர் வந்து, ரப்பர் போய் செம்பனை வந்து, அதுவும் போய் தாமான் வந்தாலும் பள்ளிக்கூடத்து பேர்ல அந்த தோட்டம் இன்னும் நிக்குது. மாநிலத்துல இருக்கற 28 தமிழ்ப்பள்ளிய வரைபடத்துல வச்சுப் பாத்தீங்கன்னா நம்ம குடும்பங்க எங்க இருந்தாங்கன்னு தானா தெரியும். தீவுல பாராட் டாயாவுல சுங்கை ஆரா, பாயான் லெப்பாஸ் மாதிரி விரல் விட்டு எண்ணலாம். அதனால பாலேக் பூலாவ்ல பத்து சதவீதம்னு போட்டா அது நிஜமில்ல, நிபோங் திபால் பக்கம் பத்து சதவீதம்னு போட்டா நம்மள நாமே குறைச்சுக்கறோம்.

இன்னொன்னும் சொல்லணும். இந்தியர்ங்கற வரியில தெலுங்கர், மலையாளி, பஞ்சாபி எல்லாரும் அடக்கம், அதனால அத தமிழர் எண்ணிக்கைன்னு எழுதக் கூடாது. இந்து எண்ணிக்கை வேற அட்டவணை, அதுல நம்ம கிறிஸ்தவக் குடும்பங்க இருக்க மாட்டாங்க. பினாங்கோட தமிழ் முஸ்லிம்கள்ல ஒரு பகுதி இந்தியர்னு பதிஞ்சிருப்பாங்க, ஒரு பகுதி மலாய்க்காரர்னு பதிஞ்சிருப்பாங்க, ஒரே குடும்பத்துல அண்ணன் ஒரு மாதிரி தம்பி ஒரு மாதிரி கூட இருக்கும். தமிழ் பேசறவங்க பினாங்குல எத்தன பேர்ங்கற கேள்விக்கு இந்த அட்டவணை எதுவும் நேரா பதில் சொல்லாது. கோயில் விஷயம்னா இந்து எண்ணிக்கை, பள்ளி விஷயம்னா இந்தியர் எண்ணிக்கையோட பள்ளி வயசு பிள்ளைங்க எத்தன பேர்ங்கறது, இப்படி கேள்விக்கு ஏத்த வரிய எடுங்க. பள்ளிக்கு மொத்த ஜனத்த காட்டறதுல பயன் கம்மி, 5 வயசுல இருந்து 9, 10ல இருந்து 14 வயசு வரிசை ரெண்டையும் காட்டினாத்தான் கல்வி இலாகா காது கொடுக்கும், அதுலயும் பினாங்குல பிறப்பு விகிதம் நாட்டுல ரொம்ப குறைஞ்ச மாநிலங்கள்ல ஒன்னு, வயசானவங்க பங்கு நாட்டு சராசரிய விட ஜாஸ்தி. முதியோர் பராமரிப்பு நிலையம், டயாலிசிஸ் மையம் கேக்கற சங்கங்க இந்த 60 வயசுக்கு மேல உள்ள வரிசைய எடுத்து வைங்க, அவ்வளவு பலமான வாதம் வேற இல்ல.

ஏழாவது படி: எடுத்தத எங்க, எப்படி எழுதறது

இப்ப உதாரணத்துக்கு பத்து கவான்ல ஒரு கோயிலுக்கு நிலம் கேக்கறீங்கன்னு வச்சுக்கோங்க. நிலம் மாநில விஷயம், அதனால முதல் கடிதம் சுங்கை ஜாவியில இருக்கற செபராங் பிறை செலாத்தான் மாவட்ட நில ஆபீஸுக்கு. கட்டடம் எழுப்பற கட்டம் வந்தா எம்பிஎஸ்பி. ஆதரவுக் கடிதத்துக்கு என்18 புக்கிட் தம்பூன் சட்டமன்ற உறுப்பினர், பி046 பத்து கவான் நாடாளுமன்ற உறுப்பினர். இந்து அறப்பணி வாரியம் 1906 சட்டத்துல இருந்து பினாங்குல இருக்கு, அவங்களுக்கும் ஒரு நகல் போடுங்க. மூணு கோடும் ஒரே வேலையில எப்படி வருது பாருங்க, ஒவ்வொருத்தருக்கும் அவங்க கோட்டுக்குள்ள இருக்கற எண்ணிக்கைய கொடுக்கணும். மாவட்ட ஆபீஸுக்கு மாவட்ட எண், உறுப்பினருக்கு தொகுதி எண். எம்பிஎஸ்பி கவுன்சிலரையும் பாருங்க, 1965ல நகராண்மைத் தேர்தல நிறுத்தினதுல இருந்து அவங்க நியமனம்தான், நாம ஓட்டு போட்டு வரல, அதனால நம்மளே தேடிப் போய் அறிமுகம் ஆகலன்னா அவங்களுக்கு நம்ம தெருவ தெரிய வாய்ப்பு கம்மி.

கடிதத்து தலைப்புக்கு கீழ மூணு வரி தனியா போடுங்க. முதல் வரியில லாட் நம்பர், முக்கிம் நம்பர், மாவட்டம். ரெண்டாவது வரியில மாநகர் மன்றம், சட்டமன்றத் தொகுதி, நாடாளுமன்றத் தொகுதி. மூணாவது வரியில எண்ணிக்கை, அதோட எந்த எல்லைக்கு, எந்த வருஷத்து சென்சஸ், குடிமக்கள் மட்டுமா மொத்தமா. அட்டவணைய அச்சடிச்சு பின்னாடி இணைச்சு, நீங்க எடுத்த வரிய பேனாவால கோடு போட்டு காட்டுங்க. கடிதம் மலாய்ல இருக்கட்டும், சங்கத்து கோப்புக்கு தமிழ்ல ஒரு பிரதி வைங்க, அடுத்த செயலாளர் வரப்ப அவரு திரும்ப ஒன்னுல இருந்து தேட வேண்டியிருக்காது. அடுத்த சென்சஸ் 2030ல வரும், அப்ப மூணாவது வரிய மட்டும் மாத்தினா போதும், மத்த ரெண்டு வரியையும் தொகுதி எல்லை மாறியிருக்கான்னு மட்டும் ஒரு தடவ சரி பாத்துக்கோங்க.